குளம் உறையாது, தட்டு உறையும்!

ஜனவரி மாதம். உதகமண்டலத்தில் விடியற்காலை ஐந்தரை மணி. தலைகுந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் புல்வெளி முழுவதும் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துக் கிடக்கிறது. ஒரு வீட்டு முற்றத்தில் இரவு மறந்து வைத்துவிட்ட வாளியில், நீரின்மேல் கண்ணாடித் தகடு போலப் பனிக்கட்டி படிந்திருக்கிறது. விரலால் தட்டினால் உடைகிறது. அதே வீட்டின் தாழ்வாரத்தில், கூரைக்குக் கீழே இருக்கும் இன்னொரு வாளியில் நீர் நீராகவே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை. சற்றுத் தொலைவில் உதகை ஏரியின்மேல் மெல்லிய ஆவி தவழ்கிறது, ஏரி உறையவில்லை.

ஒரே ஊர், ஒரே இரவு, ஒரே குளிர். பிறகு ஏன் முற்றத்து வாளி மட்டும் உறைந்தது? கூரைக்கடியில் இருந்த வாளி ஏன் தப்பியது? ஏரி ஏன் உறையவில்லை?

இந்த மூன்று கேள்விகளும் விளையாட்டுக் கேள்விகள் அல்ல. நீலகிரியின் தேயிலை விவசாயிக்கும், உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடுபவருக்கும் இவற்றின் விடைதான் அவ்வாண்டு வருமானத்தைத் தீர்மானிக்கிறது. மேலும், குளிர்சாதனப் பெட்டி தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, நம் நாட்டின் வெப்பமான சமவெளியில் மண் தட்டுகளை வைத்துப் பனிக்கட்டியை ‘அறுவடை’ செய்த உழைப்பாளிகளின் தொழில் இரகசியமும் இதே விடையில் அடங்கியிருக்கிறது.

பனி பெய்கிறதா?

‘பனி பெய்கிறது’ என்று பேச்சில் சொல்கிறோம். மழையைப் போல மேலிருந்து ஏதோ விழுவதாக அச்சொல் நம்மை எண்ண வைக்கிறது. இமயமலையில் பஞ்சுபோல் விழும் வெண்பனிக்கு அது பொருந்தும். நீலகிரியில் நாம் காண்பது அதுவன்று. நிலத்தை ஒட்டிய காற்றில் கலந்துள்ள நீராவி, குளிர்ந்துபோன புல்லின்மேலும் இலையின்மேலும் படிகிறது. இலையின் வெப்பநிலை 0° செல்சியசுக்கு மேல் இருந்தால் அது நீர்த்துளியாகப் படியும். இதை நீலகிரியில் நீர்ப்பனி என்பார்கள். இலை 0°க்குக் கீழே குளிர்ந்துவிட்டால் நீராவி நேரே பனிப் படிகங்களாகவே படியும். அதுவே உறைபனி. பொதுவாக நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும். மழை ஓய்ந்து வானம் வெளுத்ததும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் உறைபனி காணப்படும்.

இலை எப்படிக் குளிர்கிறது? காற்றுக் குளிர்ந்து, அதனால் இலையும் குளிர்கிறது என்றுதான் முதலில் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. முதலில் குளிர்வது இலை. இலையைத் தொட்டுத்தான் காற்றுக் குளிர்கிறது.

எல்லாப் பொருள்களும், அவை எவ்வளவு குளிர்ந்திருந்தாலும், அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. நம் உடல், வீட்டுச் சுவர், புல், நீர் எல்லாமே இப்படித்தான். பகலில் சூரியன் தரும் வரவு இந்தச் செலவைவிட அதிகம். இரவில் அந்த வரவு நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை. காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் மேகமும் இந்தக் கதிர்களில் ஒரு பகுதியை உறிஞ்சி, மீண்டும் நிலத்துக்கு அனுப்புகின்றன. ஆனால் ஏறத்தாழ 8 முதல் 13 மைக்ரான் வரை அலைநீளமுள்ள கதிர்களுக்கு மேகமற்ற, உலர்ந்த காற்று திறந்த சன்னலைப் போன்றது. அந்தச் சன்னல் வழியாக நிலத்தின் வெப்பம் விண்வெளிக்குப் போய்விடுகிறது. மேகம் வந்தால் சன்னல் மூடிக்கொள்ளும். மேகம் சூழ்ந்த இரவில் உறைபனி வராததன் காரணம் இதுவே.

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. வளிமண்டலத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த உயரத்துக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. நீராவியைப் பொறுத்தவரை, அதன் பெரும்பகுதி கீழேதான் இருக்கிறது. ஆகவே ஜனவரி இரவில் உதகையின் தலைக்குமேல் உள்ள போர்வை மிக மெல்லியது. வானிலை நிலையத்துக் கூண்டில், ஆளுயரத்துக்குச் சற்றுக் கீழே தொங்கும் வெப்பமானி 3° காட்டும்போதே, வானத்தைப் பார்த்து நிற்கும் புல் நுனியில் வெப்பநிலை 0°க்குக் கீழே போய்விடக்கூடும்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. முற்றத்து வாளி வானத்தைப் பார்த்தது. தாழ்வாரத்து வாளி கூரையைப் பார்த்தது. கூரை தான் பெற்ற வெப்பத்துக்கு ஏறக்குறைய ஈடாகத் திருப்பிக் கொடுத்தது, வானம் கொடுக்கவில்லை.

பள்ளத்தில் தேங்கும் குளிர்

உயரமான இடத்தில்தான் குளிர் அதிகம் என்பது பகலுக்குப் பொருந்தும் விதி. காற்றசைவற்ற தெளிந்த இரவில் இந்த விதி தலைகீழாகிவிடும். புல்லைத் தொட்டுக் குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்து கனக்கிறது. கனத்த காற்று நீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியைவிட, அதற்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கின் புல்வெளியில் உறைபனி கடுமையாக இருப்பது உண்டு. ஒரே தேயிலைத் தோட்டத்தில் மேட்டுப் பகுதி பசுமையாக நிற்க, பள்ளத்துச் செடிகள் மட்டும் கருகிக் கிடப்பதும் இதனால்தான். சரிவின் குறுக்கே அடர்த்தியாக வளர்ந்த வேலி, வாய்க்காலின் குறுக்கே போட்ட வரப்பைப் போல இந்தக் குளிர் காற்றை மடக்கி வைத்துவிடும். வேலிக்கு மேல்புறத்தில் உள்ள செடிகள் அதற்கு விலை கொடுக்க நேரும்.

காற்று வீசினால் நிலைமை மாறும். மேலே உள்ள சற்று வெப்பமான காற்று கீழே இறங்கிக் கலந்துவிடும். எனவே உறைபனிக்குத் தேவையானவை மூன்று: மேகமற்ற வானம், உலர்ந்த காற்று, அசைவற்ற இரவு. இந்த மூன்றையும் நன்றாக அறிந்து பயன்படுத்திய மக்கள் வட இந்தியச் சமவெளியில் இருந்தார்கள்.

மண் தட்டில் விளைந்த பனிக்கட்டி

வங்காளத்தில் பணிபுரிந்த சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலப் படைத்தளபதி, 1775ஆம் ஆண்டில் லண்டன் ராயல் கழகத்தின் இதழில் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் குளம் குட்டைகளில் இயற்கையாகப் பனிக்கட்டி உருவானதை அவர் கண்டதே இல்லை. வெப்பமானி உறைநிலையைத் தொட்டதையும் கண்டதில்லை. ஆனாலும் அங்குள்ள உழைப்பாளிகள் குளிர்காலத்தில் பனிக்கட்டி செய்தார்கள்!

அவர்களுடைய முறை இதுதான். திறந்த சமவெளியில் சுமார் 30 அடிச் சதுரமும் 2 அடி ஆழமும் உள்ள குழிகளை வெட்டுவார்கள். அடியில் எட்டு அங்குலம் முதல் ஓரடி கனத்துக்கு உலர்ந்த கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ பரப்புவார்கள். அதன்மேல் மெருகிடாத மண் தட்டுகளை வரிசை வரிசையாக நெருக்கி வைப்பார்கள். தட்டின் ஆழம் ஒன்றேகால் அங்குலம். கனம் கால் அங்குலம். அந்தி மயங்கியதும், காய்ச்சி ஆறவைத்த நீரைத் தட்டுகளில் ஊற்றுவார்கள். பிறகு இரவின் பொறுப்பு.

கதிரவன் எழுவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். தட்டுகளைக் கூடையில் கவிழ்ப்பார்கள். உறையாத நீர் வடிந்துவிடும். பனிக்கட்டி கூடையில் தங்கும். இது அன்றாட வேலை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நாள்தோறும் சேர்ந்த சில்லுகளை மேடான, உலர்ந்த இடத்தில் வெட்டிய 14 அல்லது 15 அடி ஆழக் குழியில் கொட்டுவார்கள். குழியின் உட்புறத்தில் வைக்கோலும் முரட்டுக் கம்பளியும் பொதிந்திருக்கும். கொட்டிய சில்லுகளைத் திமிசுக் கட்டையால் இடிப்பார்கள். இடித்து நெருக்கிய சில்லுகள் தம் குளிர்ச்சியாலேயே ஒன்றோடொன்று உறைந்து ஒரே பாறையாகிவிடும். மேலே வைக்கோல், கம்பளி, கூரை. கோடையில் இந்தக் குழியைத் திறந்து பனிக்கட்டியை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

காசி நகரில் நடந்த இதே தொழிலைப் பற்றி ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்பவர் 1793இல் எழுதினார். தட்டுகளுக்கு இடையே வைக்கோலின்மேல் வைத்த வெப்பமானி உறைநிலைக்கு மேலே காட்டியபோதும் தட்டில் பனிக்கட்டி உருவானதை அவர் குறித்திருக்கிறார். அவர் குறித்த இன்னொரு செய்தி முக்கியமானது: வைக்கோல் நனைந்துவிட்டால் பனிக்கட்டி சரியாக உருவாகாது, உலர்ந்த வைக்கோலை மாற்றியாக வேண்டும்.

ஆவியாதலா, கதிர்வீச்சா?

பானைத் தண்ணீர் குளிர்வதை நாம் அறிவோம். நீர் பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானை நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அலகாபாத்தின் மண் தட்டுகளும் இப்படித்தான் குளிர்ந்தன என்று பலர் எண்ணினார்கள்.

இந்தக் கருத்தை மறுத்தவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். பனித்துளி பற்றி அவர் 1814இல் வெளியிட்ட நூல், எளிய சோதனைகளைக் கொண்டு பெரிய உண்மையை நிறுவுவதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. புல்வெளியில் நான்கு சிறு கால்களின்மேல் ஒரு பலகையை நிறுத்தினார். ஒவ்வொன்றும் 10 கிரெயின் எடையுள்ள கம்பளிப் பஞ்சை, பலகையின்மேல் ஒன்றும் பலகையின் அடியில் ஒன்றுமாக வைத்தார். (ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம்.) காலையில் எடுத்து நிறுத்தபோது, மேலே இருந்த பஞ்சு 14 கிரெயின் பனிநீரை ஏற்றிருந்தது, கீழே இருந்தது 4 கிரெயின் மட்டுமே. இரண்டும் இருந்தது ஒரே காற்றில்தான். வேறுபாடு ஒன்றே: ஒன்று வானத்தைப் பார்த்தது, மற்றது பலகையைப் பார்த்தது.

இதே கண்ணோட்டத்தோடு அவர் இந்தியப் பனிக்கட்டித் தொழிலையும் ஆராய்ந்தார். ஆவியாதல்தான் காரணம் என்றால் காற்று வீசும் இரவில் பனிக்கட்டி அதிகம் கிடைக்க வேண்டும்; உண்மையில் காற்று வீசினால் கிடைப்பதே இல்லை. ஆவியாதல்தான் காரணம் என்றால் நனைந்த வைக்கோல் நன்மை செய்ய வேண்டும். அது கெடுதல் செய்கிறது. உலர்ந்த வைக்கோலின் வேலை, நிலத்தின் வெப்பம் தட்டுக்கு ஏறாமல் தடுப்பது. நனைந்த வைக்கோல் வெப்பத்தைக் கடத்திவிடும். எனவே தட்டைக் குளிர வைத்தது ஆவியாதல் அன்று. வானத்தை நோக்கிய கதிர்வீச்சே என்பது தெளிவாயிற்று. ஏட்டறிவு இல்லாத உழைப்பாளிகள் வைக்கோலை உலர்வாக வைத்தும், தட்டை ஆழமில்லாமல் செய்தும், அமைதியான இரவைத் தேர்ந்தெடுத்தும் சரியான வழியைக் கையாண்டு வந்தார்கள். அதன் காரணத்தை அறிவியல் பின்னர் கண்டது.

ஒரு சிறு கணக்கு

தட்டு ஏன் ஆழமில்லாமல் இருக்க வேண்டும்? இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பள்ளியில் படித்த இரண்டு எண்கள் போதும். ஒரு கிலோ நீரை 1° குளிரவைக்க 1 கிலோ கலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். 0°யில் உள்ள ஒரு கிலோ நீரை உறைய வைக்க 80 கிலோ கலோரியை அகற்ற வேண்டும். இந்த 80தான் உள்ளுறை வெப்பம்.

0°யில் உள்ள ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பு, மணிக்கு ஏறத்தாழ 270 கிலோ கலோரியைக் கதிராக வெளிவிடும். உலர்ந்த, தெளிந்த வானம் திருப்பி அனுப்புவது 210 என்று கொள்வோம். நிகர இழப்பு மணிக்கு 60. பத்து மணி நேர இரவில் 600 கிலோ கலோரி. ஓர் இரவு நமக்குத் தரும் ‘குளிர்க் கூலி’ இவ்வளவுதான். இதை எப்படிச் செலவு செய்வது என்பதே கேள்வி.

ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் ஊற்றினால் ஒரு சதுர மீட்டரில் 10 கிலோ நீர் இருக்கும். அது 12°யில் இருந்தால் 0°க்குக் கொண்டுவர 120 கிலோ கலோரி போதும். மீதி 480. அதை 80ஆல் வகுத்தால் 6 கிலோ பனிக்கட்டி! காற்றிலிருந்தும் நிலத்திலிருந்தும் வந்து சேரும் வெப்பத்தைக் கழித்தால் இது குறையும். என்றாலும் கையில் எடுக்கக்கூடிய தகடு கிடைத்துவிடும்.

இனி ஒரு மீட்டர் ஆழமுள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பின் கீழே 1,000 கிலோ நீர் இருக்கிறது. நீருக்கு ஒரு விசித்திரப் பண்பு உண்டு. அதன் அடர்த்தி 4°யில்தான் மிக அதிகம். மேற்பரப்பில் குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும்; அடியில் உள்ள வெப்பமான நீர் மேலே வரும். குளம் முழுவதும் 4°க்கு வரும்வரை இந்தச் சுற்று நிற்காது. அதன் பிறகுதான் குளிர்ந்த நீர் மேலே தங்கி உறையத் தொடங்கும். 12°யில் உள்ள 1,000 கிலோ நீரை 4°க்குக் கொண்டுவர 8,000 கிலோ கலோரியை அகற்ற வேண்டும். நம் கணக்கில் இது பதின்மூன்று இரவுகளுக்கு மேற்பட்ட கூலி. ஆனால் இடையே பகல்கள் வருகின்றனவே! நீலகிரியின் பனிக்காலப் பகலில் வெயில் பளிச்சென்று அடிக்கும். ஓர் இரவு எடுத்துச் சென்றதைப் போலப் பல மடங்கு வெப்பத்தை ஒரு பகல் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே வாளி உறையும், வழியோரக் குட்டையில் தகடு படியும், ஏரி உறையாது. மூன்றாவது கேள்விக்கும் விடை இதோ.

பாஸ்டன் குளம் சென்னையில் உருகியது

குளமே உறைய வேண்டுமானால் இரவும் பகலும் வாரக்கணக்கில் உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாடு வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மாசசூசெட்ஸ் அப்படிப்பட்டது. அங்கே குளிர்காலத்தில் குளத்துப் பனிக்கட்டியை அறுத்தெடுப்பது உழவர்களுக்கும் கூலியாட்களுக்கும் ஒரு பருவத் தொழிலாக இருந்தது. மேலே விழுந்த வெண்பனியை வழித்துத் தள்ளுவார்கள். குதிரை இழுக்கும் கலப்பையால் சதுரங்கப் பலகை போலக் கோடு கீறுவார்கள். இந்தப் பனிக் கலப்பையை 1825இல் நத்தானியேல் வையத் என்பவர் உருவாக்கினார். பிறகு ரம்பத்தால் அறுத்து, கடப்பாரையால் நெம்பி, கட்டிகளை நீர்க்கால் வழியே மிதக்கவிட்டுக் கரை சேர்ப்பார்கள். 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் ஏறக்குறைய நூறு ஆட்கள் இப்படிப் பனிக்கட்டி அறுத்ததை எழுத்தாளர் தோரோ நேரில் கண்டு எழுதியிருக்கிறார்.

இந்தப் பனிக்கட்டியை உலகெங்கும் விற்றவர் பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர். அவருடைய சரக்கை ஏற்றிய ‘டஸ்கனி’ என்ற கப்பல் 1833 மே மாதம் பாஸ்டனில் இருந்து புறப்பட்டது. கப்பலில் 180 டன் பனிக்கட்டி. நான்கு மாதம் கடலில் சென்று, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் மீதி இருந்தது! அமெரிக்காவின் தெளிந்த, கனத்த கட்டிகளுக்கு முன்னால் மண் தட்டுப் பனிக்கட்டித் தொழில் போட்டியிட முடியாமல் தளர்ந்தது.

சென்னையிலும் 1842இல் கடற்கரை ஓரமாகப் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. ‘ஐஸ் ஹவுஸ்’ என்று சென்னை மக்கள் இன்றும் சொல்லும் பெயர் அதிலிருந்து வந்ததே. பிற்காலத்தில் அக்கட்டடம் பிலிகிரி அய்யங்காருக்குச் சொந்தமாயிற்று. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

நீலகிரியில் ஆண்டுதோறும் நீர் உறைகிறது. சென்னையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தூரம்தான். அப்படியிருக்க, உலகின் மறுபக்கத்திலிருந்து ஏன் பனிக்கட்டி வர வேண்டும்? கட்டியின் கனத்தில்தான் விடை இருக்கிறது. பனிக்கட்டி உருகுவது அதன் மேற்பரப்பு வழியாக. ஒரு டன் பனிக்கட்டி ஒரே கனசதுரமாக இருந்தால் அதன் மேற்பரப்பு ஆறரைச் சதுர மீட்டருக்குள் அடங்கும். அதே ஒரு டன், ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள தகடுகளாகப் பிரிந்து கிடந்தால் மேற்பரப்பு 200 சதுர மீட்டரைத் தாண்டும். முப்பது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பம் புகும். அலகாபாத்தில் சில்லுகளைக் குழியில் இடித்துப் பாறையாக்கியதன் அருமை இப்போது விளங்குகிறது அல்லவா? உதகையின் வாளித் தகடு மலைப்பாதையில் இறங்கும் முன்பே நீராகிவிடும். 1842இல் மலையடிவாரத்துக்கு ரயிலும் கிடையாது. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873இல், குன்னூருக்கு 1899இல், உதகைக்கு 1908இல். பாஸ்டனின் கட்டிகளோ மரத்தூளில் பொதிந்து, கப்பலின் வயிற்றில் ஒரே மலையாக அடுக்கப்பட்டு வந்தன. 1870களில் நீராவி எந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் இந்தியாவில் தோன்றியதும் அந்த வணிகமும் முடிவுக்கு வந்தது.

தேயிலைக்கு ஒரு கூரை

நீலகிரியில் உறைபனி யாருக்கும் பனிக்கட்டி தரும் நண்பனாக வருவதில்லை. தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் பகைவனாகவே வருகிறது. இலையின் உள்ளே, செல்களுக்கு இடையிலுள்ள நீர் முதலில் உறைகிறது. அந்தப் பனிப்படிகம் செல்லின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல்லின் சவ்வு சிதைகிறது. காலையில் பனி உருகும்போது சிதைந்த செல்களிலிருந்து நீர் கசிந்து, வெயிலில் இலை காய்ந்து பழுப்பாகிறது. நெருப்பில் வாட்டியது போன்ற தோற்றம் இதனால் வருகிறது. பெரிய தோட்டங்கள் இந்த நட்டத்தை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு, கொழுந்து மீண்டும் துளிர்க்கும் வரை பறிப்பும் இல்லை, பணமும் இல்லை. பறிக்க வரும் பெண்களுக்கு வேலையும் இல்லை.

உறைபனியின் இயல்பை அறிந்தால் காப்பு முறைகளும் விளங்கும். முதல் முறை, செடிக்கும் வானத்துக்கும் இடையே ஏதேனும் ஒரு கூரை. உதகை தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளால் மூடி வைப்பதைக் காணலாம். கூரை செடியைச் சூடாக்குவதில்லை. வெப்பம் வானத்துக்குப் போகாமல் மறிக்கிறது. தேயிலைக்கு இடையே வளரும் சில்வர் ஓக் மரங்களின் கிளைப் பரப்பும் ஓரளவு இந்த வேலையைச் செய்கிறது. சோலைக்காட்டில் மரங்களின் நிழலில் பிழைக்கும் இளங்கன்றுகள் திறந்த புல்வெளியில் உறைபனிக்குப் பலியாவதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது முறை, நீர் தெளித்தல். குளிரில் நீரா என்று வியக்க வேண்டாம். உறையும் ஒவ்வொரு கிலோ நீரும் 80 கிலோ கலோரியை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் இலையை 0°க்குக் கீழே இறங்காமல் பிடித்து வைக்கிறது. ஆனால் பனி உருகும்வரை தெளிப்பதை நிறுத்தக்கூடாது. இடையில் நிறுத்தினால் நீர் ஆவியாகத் தொடங்கும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 600 கிலோ கலோரி வேண்டும். அதை இலையிடமிருந்தே பறித்துக்கொள்ளும்.

சருகை எரித்துப் புகை போடுவதும் சில இடங்களில் வழக்கம். புகை போர்வையாகிக் காக்கும் என்பது நம்பிக்கை. புகைத்துகள்கள் மிக நுண்ணியவை. 10 மைக்ரான் அலைநீளமுள்ள வெப்பக் கதிரை அவை அதிகம் மறிப்பதில்லை. மேகத்தின் நீர்த்துளிகள் அளவில் பெரியவை; அதனால்தான் மேகம் மறிக்கிறது. புகையால் வரும் பயனைவிட நெருப்பின் சூட்டால் வரும் பயனே அதிகம். காலையில் வெயிலை மறைத்து நிற்கும் புகையால் தீமையும் உண்டு.

உறைபனி மாதங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கடுங்குளிரில் கருகாமல் மெதுவாக வளரும் கொழுந்தில் நறுமணம் மிகுகிறது. அந்த மாதங்களில் செய்யும் நீலகிரி ‘பிராஸ்ட் டீ’க்குத் தனி மதிப்பு இருக்கிறது.

வானத்தை நோக்கி வெப்பத்தைச் செலுத்திக் குளிர்விக்கும் பழைய வழி, இன்று புதிய உருவில் திரும்பியிருக்கிறது. 2014இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி, 8 முதல் 13 மைக்ரான் சன்னல் வழியே மட்டும் வெப்பத்தை வெளிவிடும் மெல்லிய தகடு ஒன்றைச் செய்தார்கள். பட்டப்பகல் வெயிலிலேயே, மின்சாரம் ஏதும் இல்லாமல், அது சுற்றியுள்ள காற்றைவிட ஏறத்தாழ 5° குளிர்ந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற, காற்றில்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். மொட்டை மாடியில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை வையுங்கள். ஒன்றுக்கு மேலே, இரண்டடி உயரத்தில் ஓர் அட்டையையோ விரித்த குடையையோ கட்டுங்கள். மற்றது வானத்தைப் பார்க்கட்டும். பக்கத்தில் பளபளப்பான எவர்சில்வர் தட்டு ஒன்றையும் திறந்த வெளியில் வையுங்கள். பொழுது விடியுமுன் போய்த் தொட்டுப் பாருங்கள். எது அதிகம் நனைந்திருக்கிறது? மெருகேறிய உலோகம் வெப்பத்தைக் கதிராக வெளிவிடுவதில் சோம்பேறி. எவர்சில்வர் தட்டில் பனிநீர் ஏன் குறைவு என்பதற்குக் காரணம் அதுவே.

நீலகிரியில் இருக்கும் மாணவர்கள் இன்னும் ஒருபடி மேலே போகலாம். ஒரு தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கும், ஒரு வாளியில் நிறையவும் நீர் ஊற்றி வைக்கோலின்மேல் வையுங்கள். வீட்டு முற்றத்தில் ஒரு தட்டு, பள்ளத்து வயலில் ஒரு தட்டு என்று வைத்து, எது முதலில் உறைகிறது, எவ்வளவு கனம் என்று பத்து இரவுகளுக்குக் குறித்து வாருங்கள். மேகம் இருந்ததா, காற்று வீசியதா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் ஊரில் குளிர் எங்கே தேங்குகிறது என்பதை அந்தக் குறிப்பேடு காட்டிவிடும். அடுத்த ஆண்டு எந்தச் செடிக்கு முதலில் கூரை போட வேண்டும் என்று உங்கள் வீட்டாருக்கு அதைக் கொண்டு நீங்களே சொல்லலாம்.